கதவு நிலையில் ஒரு பென்சில் கோடு

சிற்றூர் வீடுகள் சிலவற்றில் கதவு நிலையின் மரத்தில் ஒரு பென்சில் கோடு இருக்கும். தரையிலிருந்து சரியாக 170 சென்டிமீட்டர். பத்தாம் வகுப்புப் படிக்கும் பையன் மாதம் ஒருமுறை அங்கே முதுகை ஒட்டி நிற்பான். அப்பா அவன் உச்சந்தலையில் ஸ்கேலைப் படுக்கவைத்துப் பார்ப்பார். பெண்பிள்ளை என்றால் கோடு 159இல். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அளவு 167, 157 என்று சற்று இறங்கும். பையனுக்கு மார்பு 81 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். மூச்சை இழுத்துப் பிடித்தால் இன்னும் 5 விரிய வேண்டும். 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். பிறகு கயிறு ஏற வேண்டும், தாண்ட வேண்டும், மறுபடி ஓட வேண்டும். எல்லாம் தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வுக் குழுமம் வகுத்த அளவுகள். அந்த வீடுகளுக்கு இவை மனப்பாடம்.

பதின்ம வயதுப் பிள்ளையைக் காவல்துறைக்கோ தீயணைப்புத் துறைக்கோ பெற்றோர் ஊக்கப்படுத்தலாமா என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. அடுத்த அறிவிப்பு எப்போது வரும் என்பதுதான் அங்கே கேள்வி. அதே ஊரின் இன்னொரு தெருவில், மருத்துவம் பொறியியல் என்று பேசும் வீடுகளில், வேறு காரணத்தால் அது எழுவதில்லை. ‘நம்ம பிள்ளை எதுக்குப் போலீஸுக்குப் போகணும்’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இரு தெருக்காரர்களும் யோசிக்காமல் தாண்டிப் போகிற இடத்தில் சற்று நின்று பார்க்கலாம்.

முதலில் நுழைவாயில். இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் மூன்றுக்கும் இங்கே ஒரே தேர்வு. 2022இல் அறிவித்த 3,552 இடங்களில் தீயணைப்பாளருக்கு 120. 2023இல் 3,359க்கு 674. 2025இல் 3,644க்கு 631. பத்தாம் வகுப்பு போதும். 18 வயது நிறைந்தால் போதும். மூன்று வேலைக்கும் சம்பள விகிதம் 18,200 முதல் 67,100 ரூபாய்வரை. தமிழ்த் தகுதித் தேர்வில் தேறிய பிறகு முதன்மை எழுத்துத் தேர்வுக்கு 70 மதிப்பெண், உடல்திறனுக்கு 24, என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றுகளுக்கு 6. ஒருவன் கையில் துப்பாக்கி வருமா, சிறைச் சாவி வருமா, தண்ணீர்க் குழாய் வருமா என்பதை இந்தக் கூட்டுத்தொகையும் அவன் குறித்துக்கொடுத்த விருப்பமும் முடிவு செய்கின்றன.

அந்த 70 மதிப்பெண்ணில் 25 ‘உளவியல்’ பகுதிக்கு. பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம். எண்கணக்கு, தர்க்கம், தகவலைக் கையாளும் திறன் போன்றவைதான் அதில் பெரும்பகுதி. கோபம் வந்தால் இவன் என்ன செய்வான், அழுகிறவர் முன்னால் எப்படி நிற்பான், மேலே இருப்பவர் தப்பானதைச் செய்யச் சொன்னால் என்ன பதில் சொல்வான் என்பதை அளக்க அதில் வழியில்லை. அதைத் தெரிந்தவர்கள் வீட்டில்தான் இருக்கிறார்கள். பதினாறு வருடம் கூடவே இருந்து பார்த்த தாயும் தகப்பனும், கோட்டுக்கு இன்னும் எத்தனை சென்டிமீட்டர் குறைகிறது என்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது பெரிய இழப்பு.

இதைச் சொல்லும்போது அந்த வீடுகளை இளக்காரமாகப் பேசிவிடக் கூடாது. லட்சக்கணக்கில் கட்டணம் கட்டாமல், ஆங்கிலம் தடுமாறினாலும், ஊர் மைதானத்தில் விடியற்காலை ஓடியே ஒரு பையன் அரசுச் சம்பளத்துக்குள் நுழையக்கூடிய வாசல்கள் மிகச் சில. நிலமில்லாத குடும்பத்தில் ஒருவன் சீருடை போட்டதும், அதுவரை அந்த வீட்டுக்காரரைப் பெயர் சொல்லி ஒருமையில் கூப்பிட்டவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வதை ஊரில் பிறந்தவர்கள் பார்த்திருப்பார்கள். ஊக்கத்தின் பாதி சம்பளம் என்றால் மறுபாதி அந்தக் குரல் தாழ்வது. அந்த மறுபாதியில்தான் எனக்குத் தயக்கமும் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒரே தேர்வு என்பதாலேயே இரண்டும் ஒரே மாதிரி வேலை என்ற எண்ணம் வந்துவிடுகிறது. சிவப்பு வண்டி மணியடித்துக்கொண்டு தெருவுக்குள் வந்தால் ஜனம் ஓடிவந்து வழிகாட்டும். போலீஸ் ஜீப் வந்தால் தெரு அமைதியாகும். இரண்டு வண்டியிலும் இருப்பவர்கள் ஒரே பள்ளியில், ஒரே பெஞ்சில் படித்தவர்களாகக்கூட இருக்கலாம்.

தீயணைப்பு நிலையத்தின் ஒரு நாள் பெரும்பாலும் நெருப்பில் கழிவதில்லை. கிணற்றில் விழுந்த பசுவைப் பெல்ட் கட்டித் தூக்குவது, சமையலறை அலமாரிக்குள் போன பாம்பைப் பிடிப்பது, தென்னை மரத்துக் கதண்டுக் கூட்டை இரவில் கொளுத்துவது, மழை வெள்ளத்தில் ரப்பர் படகு விடுவது, விரலில் இறுகிய மோதிரத்தை அறுத்து எடுப்பது. துறையின் பெயரே தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை. இதில் எதற்கும் எதிர்த்தரப்பு என்று ஒன்று கிடையாது. கிணற்றுக்குள் இறங்கினவன் மேலே வரும்போது கை கொடுக்க ஊரே நிற்கும். பதினேழு வயதில் ஒரு பிள்ளைக்குப் பிறர்க்கு உதவ வேண்டும் என்ற துடிப்பு உண்மையிலேயே இருந்தால், அதைக் கறைபடாமல் வைத்திருக்கக்கூடிய அரசு வேலை இதைப்போல் அதிகமில்லை.

ஆபத்து? இருக்கிறது. ஏப்ரல் 14ஐ இந்தியா தீயணைப்போர் நாளாக நினைவுகொள்வதற்குக் காரணம், 1944இல் அதே நாளில் பம்பாய்த் துறைமுகத்தில் பருத்தியும் வெடிமருந்தும் ஏற்றி நின்ற ஃபோர்ட் ஸ்டிக்கின் என்ற கப்பல் வெடித்ததும், அணைக்கப்போன 66 தீயணைப்பாளர்கள் அங்கே மாண்டதும். நம் ஊர்க் கணக்கும் உண்டு. 2017 ஜூலையில் சென்னை கொடுங்கையூரில் ஒரு பேக்கரித் தீயில் சிலிண்டர் வெடித்து ஒரு தீயணைப்பாளர் இறந்தார். வேடிக்கை பார்க்கத் திரண்டவர்களும் உடல் கருகினார்கள். 2020 தீபாவளி சமயத்தில் மதுரை விளக்குத்தூண் பகுதியில் துணிக்கடைத் தீயை அணைத்துக்கொண்டிருந்தபோது பழைய கட்டடம் இடிந்து இருவர் இறந்தார்கள். கூட்டத்தை விலக்கத் தெரியாத தெருவும், எப்போது விழும் என்று தெரியாத கட்டடமும் நெருப்பைவிடப் பொல்லாதவை.

ஆனால் ஆய்வுகள் காட்டுகிற ஆபத்து பெற்றோர் கற்பனை செய்கிற ஆபத்திலிருந்து கொஞ்சம் விலகி நிற்கிறது. அமெரிக்கத் தீயணைப்பாளர்கள் பணியில் இறந்ததை ஆராய்ந்து 2007இல் கேல்ஸ் குழுவினர் வெளியிட்ட கட்டுரைப்படி, அந்த இறப்புகளில் 45 விழுக்காடு மாரடைப்பு முதலான இதய நோயால். ஆண்டு வேலைநேரத்தில் 1 முதல் 5 விழுக்காடுவரையே எடுத்துக்கொள்ளும் தீயணைக்கும் பணியின்போதுதான் அந்த இதய மரணங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று நேர்ந்தது. அடுத்து, உலகச் சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2022இல் தீயணைப்புத் தொழிலையே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகையில் சேர்த்தது; புகையிலையும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கிற வகை அது. பிளாஸ்டிக்கும் பஞ்சு மெத்தையும் எரியும் புகை நுரையீரலோடு நிற்பதில்லை, உடையில் ஒட்டி வீட்டுக்கும் வருகிறது. ஆகவே தாய் பிள்ளையைக் கேட்க வேண்டியது ‘நெருப்புக்குள்ள போவியா’ என்பதல்ல. மூச்சுக் கவசம் நிலையத்தில் போதுமான அளவு இருக்கிறதா, தீக்குப் போய்வந்த உடுப்பை அங்கேயே துவைக்க வசதி இருக்கிறதா, வேலை கிடைத்த பிறகும் ஓட்டத்தை விடாமல் இருப்பானா? தேர்வுக்காக 7 நிமிடத்தில் ஓடியவன் நாற்பது வயதில் தொப்பையோடு ஏணி ஏறுவதுதான் நான் அஞ்சுகிற காட்சி.

பெண்பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒரு கதவு சாத்தியிருக்கிறது. மேலே சொன்ன அறிவிப்புகளில் தீயணைப்பாளர் பணி ஆண்களுக்கு மட்டும். ஆனால் 2003இல் குரூப் 1 தேர்வு வழியாக பிரியா ரவிச்சந்திரன், மீனாட்சி விஜயகுமார் இருவரும் தமிழ்நாட்டுத் தீயணைப்புத் துறையில் அதிகாரிகளாக நுழைந்தார்கள். 2012 ஜனவரியில் சேப்பாக்கம் கலச மஹால் எரிந்தபோது பிரியா உள்ளே போய்த் தீக்காயம் பட்டார்; அவரோடு போன தீயணைப்பாளர் ஒருவர் உயிரிழந்தார். அதிகாரியாக இருந்தால் பெண் தீக்குள் போகலாம், கடைநிலைப் பணியாளராகப் போகக் கூடாது என்பதற்கு என்ன நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை.

காவல்துறைக்கு வருவோம். இங்கே பெற்றோர் அஞ்சுவது கத்தியையும் கல்லையும். அவை கடைசியில் வருபவை. முதலில் வருவது நேரம். 21 மாநிலங்களில் ஏறத்தாழ 12,000 காவலர்களிடம் விசாரித்து, காமன் காஸ் அமைப்பும் லோக்நீதி-சி.எஸ்.டி.எஸ். நிறுவனமும் வெளியிட்ட 2019ஆம் ஆண்டு அறிக்கைப்படி, இந்தியக் காவலர் சராசரியாக ஒரு நாளில் 14 மணிநேரம் வேலை செய்கிறார். நால்வரில் ஒருவர் 16 மணிநேரத்துக்கும் மேல். பாதிப் பேருக்கு வார விடுமுறையே இல்லை. இதே சம்பளமும் சலுகையும் வேறு வேலையில் கிடைத்தால் போய்விடுவேன் என்றவர்கள் மூவரில் ஒருவருக்கும் மேல். தமிழ்நாட்டில் 2021இல்தான் காவலர் முதல் தலைமைக் காவலர்வரை வார ஓய்வுக்கு அரசாணை வந்தது. அதே ஆண்டில்தான் முக்கியப் பிரமுகர்கள் போகும் சாலையோரங்களில் பெண் காவலர்களை மணிக்கணக்காக நிறுத்த வேண்டாம் என்ற உத்தரவும் வந்தது. பெண் காவலர்கள் பணியில் சேர்ந்தது 1973இல். கழிப்பறை இல்லாத சாலையோரத்தில் அவர்கள் நின்ற காலத்தை இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் நடுவே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

சினிமா பார்த்து ஆசைப்படும் பையனுக்குச் சொல்லிவைக்க வேண்டியது இன்னொன்று. தேர்வானதும் ஸ்டேஷனில் உட்கார்ந்து வழக்குத் துப்பறியப் போவதில்லை. பட்டாலியனுக்கோ ஆயுதப் படைக்கோ போவான். பாரா நிற்பான், பந்தோபஸ்துக்குப் போவான், திருவிழாவில் கயிறு பிடிப்பான், கைதியை நீதிமன்றத்துக்கு அழைத்துப்போய் அழைத்துவருவான். தாலுகா ஸ்டேஷனுக்கு மாறுவதற்குள் கல்யாணமாகிக் குழந்தையும் பிறந்திருக்கும். காவலரை மேலதிகாரியின் வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்ளும் ‘ஆர்டர்லி’ முறையை அரசு 1979இலேயே ஒழித்தது. 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை மறுபடியும் ஒழிக்கச் சொல்ல வேண்டியிருந்தது. ஒழித்த ஒன்றை நாற்பத்து மூன்று வருடம் கழித்து ஒழிக்கச் சொல்கிறார்கள் என்றால், அந்த நடுக்காலத்தில் மேலதிகாரி வீட்டுக்குக் காய்கறி வாங்கிப்போனவனும் இதே கயிற்றை ஏறித்தான் வந்திருப்பான்.

காவலர் பிள்ளைகளுக்கு இந்தத் தேர்வில் 10 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. ஆனாலும் காவலர் குடியிருப்புகளில், நம்மோடு போகட்டும், பிள்ளைகளுக்கு இது வேண்டாம் என்கிற பேச்சு சாதாரணமாகக் காதில் விழும். மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் உதவியோடு ‘காவலர் நிறைவாழ்வுப் பயிற்சி’ என்ற மனநலத் திட்டத்தைத் துறையே தொடங்கவேண்டி வந்ததும் காரணமில்லாமல் இல்லை.

இனி அந்தக் குரல் தாழ்வது. காவலர் வேலையின் அடிப்படை, இன்னொரு மனிதர்மேல் பலத்தைப் பிரயோகிக்கச் சட்டம் கொடுத்த அதிகாரம். பதினெட்டு, பத்தொன்பது வயதில் அது கைக்கு வருகிறது. மேலே சொன்ன 2019 அறிக்கையில் நான்கில் மூன்று காவலர்கள், குற்றவாளிகளிடம் போலீஸ் வன்முறை காட்டுவது சரிதான் என்றார்கள். இந்த எண்ணத்தோடு பிறந்தவர் யாருமில்லை. நியூயார்க் காவல்துறையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலைபார்த்துப் பிறகு சமூகவியலாளரான ஆர்தர் நீடர்ஹாஃபர் 1967இல் எழுதிய நூலில், பயிற்சிப் பள்ளிக்கு வரும்போது இலட்சியத்தோடு இருப்பவர்களிடம் மனிதர்மேல் அவநம்பிக்கை வேலையின் முதல் சில ஆண்டுகளில் வேகமாக ஏறுவதைக் காட்டினார். ஒரு காவலன் எப்படிப்பட்டவன் ஆகிறான் என்பது பெரும்பாலும் அந்த ஆண்டுகளில், கூட இருக்கும் சீனியர்களைப் பார்த்து முடிவாகிறது. அந்த ஆண்டுகள் எந்த வயதில் வருகின்றன என்பது ஆகவே சின்ன விஷயமல்ல.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஊரடங்கு நேரத்துக் கடைப் பிரச்சினையில் பிடித்துக்கொண்டுபோன தந்தையும் மகனும் காவலில் பட்ட அடியால் இறந்தார்கள். 2025 ஜூனில் மடப்புரம் கோயில் காவலாளி ஒருவர் விசாரணையில் இறந்து, ஐந்து காவலர்கள் கைதானார்கள். கைதாகிற ஒவ்வொருவர் வீட்டிலும் ஒருகாலத்தில் தேர்வு முடிவு வந்த அன்று லட்டு கொடுத்திருப்பார்கள். சாத்தான்குளத்தில் இன்னொருவரும் இருந்தார். அந்த இரவில் நடந்ததை விசாரணைக்கு வந்த நீதித்துறை நடுவரிடம் சொன்ன பெண் தலைமைக் காவலர். அதே ஸ்டேஷன், அதே சீருடை, அதே தேர்வு. வெளியே காத்திருக்கும் சக காவலர்களை வைத்துக்கொண்டு உண்மையைச் சொல்ல அவரை எது தயார்படுத்தியது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தேர்வுக் குழுமத்தின் 100 மதிப்பெண்ணில் அதற்கு இடமில்லை என்று மட்டும் தெரியும்.

அதனால்தான் இரண்டாவது தெருவின் ஒதுங்கலையும் என்னால் ஏற்க முடியவில்லை. போலீஸ் சரியில்லை என்று மாலையில் பேசுவார்கள், காலையில் பிள்ளையை நீட் வகுப்புக்குக் கொண்டுபோய் விடுவார்கள். நியாய உணர்வுள்ள பிள்ளைகள் போகாத துறை எப்படித் திருந்தும்?

படிப்பைப் பற்றிக் கொஞ்சம் ஆய்வுச் சான்று இருக்கிறது. அமெரிக்காவின் இரு நகரங்களில் காவலர்களோடு கூடவே சென்று பார்த்துத் திரட்டிய தரவுகளை ரிட்பெர்க், டெரில் இருவரும் 2010இல் ஆராய்ந்தார்கள். கல்லூரிப் படிப்பு இருந்ததால் கைது செய்வதோ சோதனையிடுவதோ மாறவில்லை. பலத்தைப் பயன்படுத்துவது குறைந்தது. கலிஃபோர்னியாவின் ஒரு மாவட்டத்தில் 2008இல் வந்த மற்றோர் ஆய்வில், வயது கூடியவர்களும் கல்லூரி படித்தவர்களும் துப்பாக்கியால் சுடும் வாய்ப்பு குறைவாக இருந்தது. அங்கே இருப்பது இங்கே அப்படியே பொருந்தும் என்று நான் வாதாடவில்லை. இருந்தாலும், பட்டம் முடித்து 21 வயதில் போனால் வேறு மனிதராகப் போவார் என்பதை ஊகிக்க ஆய்வுகூட வேண்டியதில்லை. பதினெட்டில் நாம் எப்படி இருந்தோம் என்று நினைத்துப் பார்த்தாலே போதும்.

ஆகவே என் நிலை இது. தீயணைப்புக்குப் பிள்ளை ஆசைப்பட்டால் தயங்காமல் ஊக்கப்படுத்தலாம். காவலுக்கு ஆசைப்பட்டால் தடுக்க வேண்டாம், தள்ளவும் வேண்டாம்; பட்டம் முடியும்வரை இழுத்துப் பிடிக்கலாம். பட்டதாரியானால் உதவி ஆய்வாளர் தேர்வுக்கும் தீயணைப்பு நிலைய அலுவலர் தேர்வுக்கும் உட்காரலாம். உதவி ஆய்வாளர் சம்பள விகிதம் 36,900 ரூபாயில் தொடங்குகிறது. 2023இல் இந்த இரண்டுக்குமாக 750 இடங்கள் அறிவித்தார்கள், அதில் 129 தீயணைப்பு நிலைய அலுவலர் பணி. இடம் குறைவு, போட்டி கடுமை என்பதும் உண்மை.

கடன்காரன் வாசலில் நிற்கும் வீட்டில் போய் மூன்று வருடம் பொறு என்று சொல்ல எனக்கு வாயில்லை. அங்கே பதினெட்டில் வரும் 18,200 ஒரு தங்கையின் படிப்பாகவோ, மீட்ட நகையாகவோ மாறும். அந்த வீட்டுப் பிள்ளை போகட்டும். தொலைநிலைக் கல்வியில் பட்டப்படிப்புக்கும் பெயர் பதிந்துவிட்டுப் போகட்டும். உதவி ஆய்வாளர் இடங்களில் 20 விழுக்காடு பணியில் இருக்கும் காவலர்களுக்கு ஒதுக்கீடு. பத்து வருடம் காத்திருந்து முதல்நிலைக் காவலராவதற்கு இது மாற்று வழி.

கோச்சிங் சென்டர்காரர்கள் சரியாகச் சொல்லித்தராத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். தேர்வில் வென்ற பிறகு போலீஸ் விசாரணை வரும். ஊர்த் திருவிழாத் தகராறில் ‘மற்றும் பலர்’ என்று எழுதிய எஃப்.ஐ.ஆரில் பையன் பெயர் ஏறியிருந்தால் கதை மாறிவிடும். சந்தேகத்தின் பலனை அளித்து நீதிமன்றம் விடுவித்தவரையும் குற்ற வழக்கில் தொடர்புடையவராகவே கருதலாம் என்கிறது பணிவிதி. 2008இல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு அதை ஏற்றது. வழக்கை விண்ணப்பத்தில் மறைத்தால் அதுவே தேர்வை இழக்கக் காரணமாகலாம். பதினெட்டு வயதுக்குள் நடந்ததற்குத் தண்டனையே ஆகியிருந்தாலும் பொதுவாக அது தகுதியிழப்பாகாது என்று 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டம் சொல்கிறது. அதை எடுத்துக்காட்டி வாதாட ஒரு வழக்கறிஞர் வேண்டியிருக்கும். விடியற்காலை ஓட எழுப்பிவிடும் அப்பா, கொடி கட்டும் சண்டைக்கு மாலையில் பையன் போகாமல் பார்த்துக்கொள்வதும் பயிற்சியில் சேர்த்திதான்.

ஏப்ரல் 14 முதல் 20வரை தீத்தொண்டு வாரம். பொதுத் தேர்வுகள் முடிகிற சமயம், பிள்ளைக்கு வேலையில்லை. தீயணைப்பு நிலையத்தில் வண்டியை வெளியே நிறுத்திக் கூட்டத்துக்குச் செய்துகாட்டுவார்கள். அங்கே ஒருமணி நேரம் போகலாம். மூச்சுக் கவசத்தைத் தூக்கிப் பார்க்கக் கொடுப்பார்கள், கனமாக இருக்கும். இன்னொரு நாள் சாயங்காலம் ஊர்க் காவல் நிலையத்துக்கு எதிரில் இருக்கும் டீக்கடையில் பிள்ளையோடு உட்காரலாம். மனுவை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வாசல் படியேறத் தயங்கி நிற்பவர் ஒருவராவது இருப்பார். பிள்ளை யாரைப் பார்க்கிறது என்று கவனிக்கலாம், அவரையா, உள்ளே நாற்காலியில் இருப்பவரையா என்று.